ஆயிரத்து எண்ணூறு ராண்டுக்குள்

சின்தில் ஒரு சுரத்தை அழுத்தினால்
அழுத்தும்வரை இருக்கிறது.
விரலை எடுத்தால்
கத்தரித்த நூல்.

என் இசைக்கு அது ஆகாது.
தாளம் இல்லை அதில், சொல்லும் இல்லை.
இருபது நிமிடத்துக்கு ஐந்தே சுரங்கள்,
மிச்சமெல்லாம் கார்வை.
சுரம் போன பிறகு அறைக்கு என்ன ஆகிறது
என்பதுதான் நான் வாசிப்பது.

ஆகவே ஒரு ரிவர்ப் வேண்டும்.
கையில் ஆயிரத்து எண்ணூறு ராண்டு,
அதிலும் இருநூறு மின் மீட்டருக்கு.

எல்லாரும் சொல்லும் நீலப் பெட்டி
ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
மஸ்கிரேவில் கண்ணாடிக்குள் இருந்ததை
எடுக்கச் சொல்லி ஹெட்போன் மாட்டிக்கொண்டேன்.
ஒரு சுரம் எங்கோ பனிமலைக்குப் போய்
பத்து விநாடி கழித்து வந்தது.
வந்ததும் கடைப்பையன்
"தவணை உண்டு, மேடம்" என்றான்.
கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

சீனத்துச் சின்னது ஆயிரத்து நூற்றைம்பது.
தீப்பெட்டிக்கு அண்ணன்.
தேவாலயம், குகை, அரங்கம் என்று
ஒன்பது அறைகள் இருக்கிறதாம் உள்ளே.
ஒன்பதும் ஒரே குளியலறை,
ஓட்டை மட்டும் மாற்றியிருக்கிறார்கள்.

ஃபீனிக்ஸில் கிஸ்டன் அங்கிள்
கல்யாண மண்டபத்தை மூடுகிறார்.
மேடையோரம் ஒரு ராக், இரண்டாயிரம், பேசினால் இறங்குவார்.
அதன் நினைவில் யாரோ சேமித்த பெயர்கள்:
மாப்பிள்ளை வருகை. கவுன்சிலர் பேச்சு. கேக்.
கேக்கைத் தேர்ந்து ஒரு சுரம் விட்டேன்.
நல்ல கேக்தான், பொய் சொல்லக் கூடாது.
நாலு விநாடி, வால் மெத்தென்று தேய்ந்தது.
ஆனால் அந்த ட்ரான்ஸ்ஃபார்மர்
ஓயாமல் ஒரு சுரம் பிடிக்கிறது,
என் ஐந்திலும் சேராத ஆறாவதை.

வேலையிடத்தில் சாண்டிலே சொன்னான்:
காசு எதற்கு, ஐந்தாம் சைலோ காலி,
உள்ளே தும்மினால் மத்தியானம்வரை கேட்கும்.
போய்த் தும்மினோம், இருவரும்.
உண்மைதான்.
பஸ்ஸில்தான் ஏற்ற முடியாது.

என் வேலை எடைமேடையில், மேய்டன் வார்ஃப்.
லாரி ஏறும், எண் ஓடும், நிற்கும்.
மொத்தத்தில் வெறும் வண்டியைக் கழித்தால் சரக்கு.
மழை நாளில் தார்ப்பாயில் தேங்கிய நீரும்
சர்க்கரைக் கணக்கில் ஏறிவிடும்,
அதற்கென்று தனிப் படிவம்.
எல்லா ரிவர்ப்பிலும் ஒரு குமிழ் இருக்கிறது,
இந்தப் பக்கம் உலர்ந்தது, அந்தப் பக்கம் நனைந்தது.
எவ்வளவு ஈரம் என்பதில் மட்டும்
என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

கடைசியில் மியர்பேங்க், டெரின் முனுசாமியின் கராஜ்.
செத்த ஆர்கனிலிருந்து பிடுங்கிய ஸ்பிரிங் தொட்டி,
தகரத்துக்குள் மூன்று சுருள்கம்பி,
சர்க்யூட்டோடு சேர்த்து அறுநூறு.
விரலால் சுண்டினான்.
மாடிப்படியில் யாரோ சங்கிலியை இறக்கினார்கள்,
இறக்கிக்கொண்டே இருந்தார்கள்.
"வாங்காதே" என்றான் அவனே.
"வெறும் கம்பி இது. நடந்தால் கேட்கும்,
கதவைச் சாத்தினால் இடி.
கிளேர்வுட்டில் இருக்கிறாய், தெரு முழுக்க லாரி.
ஒரு ராத்திரி சுத்தமாகப் பதிவு செய்ய மாட்டாய்."

மீதியில் இரண்டு கேபிள், மின்சாரம்,
போகிற வழியில் ஒரு கால் பீன்ஸ் பன்னி.

மணி இப்போது ஒன்றேகால்.
இரண்டாவது சுரத்தைப் பிடித்திருக்கிறேன்.
சவுத் கோஸ்ட் ரோடு திருப்பத்தில் ஒரு கியர் இறங்குகிறது.
கம்பிகள் முதலில் முனகி,
பிறகு சுரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு
தெருக்கோடிவரை போகின்றன.
முப்பத்து நாலு டன் இருக்கும்.
இல்லை, காலி வண்டி.
காலிதான் இப்படிக் குலுங்கும்.

காலையில் இதே வண்டி என் மேடையில் ஏறும்.
ஓட்டுநர் சீட்டுக்குக் கை நீட்டுவார்.
நேற்று என் வீட்டில் வாசித்தீர்கள் என்று
எப்படிச் சொல்வது?
எண்ணைப் படிப்பேன், முத்திரை குத்துவேன்.

விரலை எடுக்கிறேன்.
அறை இன்னும் எடுக்கவில்லை.